காற்றுக்கு இரண்டு வாசல்

ஆயிரம் சதுர அடியில், பத்தடி உயரத்தில் ஒரு வீடு கட்டுகிறோம் என்று வையுங்கள். அதற்குள் இருக்கும் காற்றைத் தராசில் ஏற்ற முடிந்தால் முந்நூறு கிலோவுக்கு மேல் காட்டும். வளர்ந்த மனிதர் ஒருவர் ஒரு நாளில் உள்ளிழுப்பது ஏறத்தாழ 11,000 லிட்டர் காற்று. எடையில் பன்னிரண்டு, பதின்மூன்று கிலோ. அன்றைக்கு அவர் சாப்பிடும் சாப்பாட்டையும் குடிக்கும் தண்ணீரையும் சேர்த்தாலும் அதில் பாதி வராது. அரிசியைக் கல் பார்த்து வாங்குகிறோம்; தண்ணீருக்கு ஆர்ஓ வைக்கிறோம். வீட்டுப் பிளானை மேசைமேல் விரித்துவைத்து மாதக்கணக்கில் பேசும்போது பூஜையறை எந்த மூலை, டைல்ஸ் என்ன நிறம் என்பதெல்லாம் முடிவாகிவிடுகிறது. காற்று எங்கே நுழையும், எங்கே வெளியேறும் என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் எழுவதே இல்லை.

முன்பு அந்தக் கேள்வி தேவைப்படவில்லை. நாட்டு ஓட்டுக் கூரையில் ஓட்டுக்கு ஓடு இடைவெளி. மரக்கதவு வெயிலில் சுருங்கி, மழையில் ஊதி, எப்போதும் எங்காவது ஒரு பிளவைக் காட்டிக்கொண்டிருக்கும். நிலைக்கு மேலே கண்ணாடி இல்லாத வென்டிலேட்டர். நடுவில் முற்றம். வீடு தானாகவே மூச்சுவிட்டது. இன்று கட்டுகிற வீடு வேறு: கான்கிரீட் தளம், இருபுறமும் பூசிய பிளாக் சுவர், ரப்பர் பட்டை வைத்து இறுக்கமாக மூடும் யுபிவிசி ஜன்னல், படுக்கையறைக்கு ஏசி. கொசுவுக்காகவும் தூசிக்காகவும் சத்தத்துக்காகவும் ஒவ்வொரு இடுக்காக அடைத்துக்கொண்டே வந்திருக்கிறோம். அடைத்தது தவறு என்று நான் சொல்லவில்லை. இடுக்குகள் செய்துவந்த வேலையை இனி யார் செய்வது என்பதைக் கட்டும்போதே முடிவு செய்ய வேண்டும் என்பதுதான் என் வாதம்.

ஏசி செய்யும் என்று பலர் நம்புகிறார்கள். சுவரில் மாட்டுகிற ஸ்பிளிட் ஏசியின் பின்னாலிருந்து சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போவது என்னென்ன என்று ஒருமுறை கவனியுங்கள். இரண்டு செப்புக் குழாய், ஒரு மின்கம்பி, தண்ணீர் வடிய ஒரு பிளாஸ்டிக் குழாய். செப்புக் குழாய்க்குள் ஓடுவது குளிரூட்டி மட்டுமே. காற்று போய்வர அங்கே வழியே கிடையாது. அறையில் உள்ள அதே காற்றைத்தான் அது இழுத்து, குளிர்வித்து, திரும்ப அறைக்குள்ளேயே விடுகிறது. சீலிங் ஃபேனும் அப்படித்தான்: இருக்கிற காற்றைச் சுழற்றி வியர்வையை உலர்த்தும். குளிர்ந்த காற்றும் வீசுகிற காற்றும் புதிய காற்று ஆகிவிடாது.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். பத்துக்குப் பன்னிரண்டு அடி படுக்கையறை, பத்தடி உயரம். 34 கன மீட்டர் காற்று. தூங்கும் ஒருவர் மணிக்குச் சுமார் 13 லிட்டர் கார்பன் டை ஆக்சைடை வெளிவிடுகிறார். இரண்டு பேர் என்றால் 26 லிட்டர். வெளிக்காற்றில் அந்த வாயு பத்து லட்சத்தில் 420 பங்குக்குச் சற்று மேல் இருக்கிறது. இதைப் பிபிஎம் என்பார்கள். ஜன்னல், கதவு எல்லாம் சாத்தி ஏசி ஓடுகிறது. கதவடி இடுக்கு வழியாக மணிக்கு அறையின் மூன்றில் ஒரு பங்கு காற்று மாறுகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், விடியும்போது அளவு 2,500 பிபிஎம்மைத் தாண்டியிருக்கும். காலையில் வெளியே போய்விட்டுத் திரும்பி அதே அறைக்குள் நுழைபவருக்கு ஒரு கனத்த புழுக்க வாடை மூக்கில் ஏறும். உள்ளேயே படுத்திருந்தவருக்குத் தெரியாது. மூக்கு அதற்குப் பழகிப்போயிருக்கும்.

இந்தக் கணக்கை முதலில் முறையாகப் போட்டவர்களில் ஒருவர் ஜெர்மனியின் மியூனிக் நகரில் வாழ்ந்த மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர். மருத்துவமும் வேதியியலும் படித்தவர். அறைக் காற்றைக் குப்பியில் பிடித்து, அதில் பேரியம் ஹைட்ராக்சைடு கரைசலை ஊற்றிக் குலுக்குவார். காற்றில் கார்பன் டை ஆக்சைடு இருந்தால் தெளிந்த கரைசல் பால்போல் வெளுக்கும். எவ்வளவு கரைசல் செலவானது என்று பார்த்து வாயுவின் அளவைச் சொல்லிவிடலாம். 1858இல் அவர் வெளியிட்ட நூலில், மனிதர்கள் நெடுநேரம் இருக்கும் அறையில் இது ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்றார். அதாவது 1,000 பிபிஎம். நூற்று அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் உலகம் முழுக்கக் கட்டடப் பொறியாளர்கள் இந்த எண்ணைச் சுற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அவர் சொன்னதில் இன்னும் ஆழமான விஷயம் ஒன்று இருக்கிறது. கார்பன் டை ஆக்சைடு அந்த அளவில் நஞ்சு என்று அவர் சொல்லவில்லை. மனித உடலிலிருந்து வெளியேறும் மற்ற எல்லாவற்றையும் – ஈரம், வாடை, இன்னும் பெயர் வைக்காத ஆவிகள் – அளப்பது கடினம். கார்பன் டை ஆக்சைடை அளப்பது எளிது. அது ஏறினால் மற்றவையும் ஏறியிருக்கும். ஆக, அது ஓர் அடையாளம். கிருமிகளைப் பற்றிய அறிவு வளராத அந்தக் காலத்தில் அவர் வைத்த இந்தத் தர்க்கம்தான் கொரோனா நாட்களில் கைகொடுத்தது. அடுத்தவரின் மூச்சில் எவ்வளவு பங்கை நாம் திரும்ப இழுக்கிறோம் என்பதைக் காட்ட அதே வாயுவின் அளவு போதுமாக இருந்தது.

அதே பெட்டன்கோஃபர் ஒரு விஷயத்தில் சறுக்கவும் செய்தார். தன் அறையின் ஜன்னல் இடுக்குகளையும் சாவித் துவாரத்தையும்கூட ஒட்டி அடைத்துவிட்டுக் காற்றோட்டத்தை அளந்தார். எதிர்பார்த்த அளவுக்கு அது குறையவில்லை. எனவே செங்கல் சுவரே சுவாசிக்கிறது என்று முடிவு கட்டினார். ஒரு செங்கல்லின் பக்கவாட்டை மெழுகால் மூடி, ஒரு முனையில் ஊதி மறுமுனையில் இருக்கும் மெழுகுவர்த்தியை அணைத்தும் காட்டினார். பூசப்பட்ட சுவர் வழியே அப்படி உருப்படியாகக் காற்று போகாது என்பது பின்னாளில் அளந்து நிறுவப்பட்டது. அறையிலிருந்த கணப்படுப்பின் புகைவழியை அவர் கணக்கில் எடுக்கவில்லை என்பது பின்னால் வந்தவர்கள் தரும் விளக்கம். ஆனாலும் 'சுவர் மூச்சுவிடும்' என்ற பேச்சு இன்றும் பெயின்ட் விளம்பரம் வரைக்கும் உயிரோடிருக்கிறது. சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளிவிடும், அது உண்மை. உங்கள் குடும்பத்துக்கு வேண்டிய காற்றைச் சுவர் கொண்டுவராது.

இன்று குப்பியும் கரைசலும் வேண்டாம். உள்ளங்கை அளவுள்ள மீட்டர் கடையில் கிடைக்கிறது. அதற்குள் ஒரு சின்ன விளக்கு அகச்சிவப்புக் கதிரை வீசுகிறது. கார்பன் டை ஆக்சைடு ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தில் அந்தக் கதிரை விழுங்கிவிடும். மறுமுனைக்கு எவ்வளவு குறைவாக வந்து சேர்கிறதோ அவ்வளவு வாயு. இந்த விழுங்கும் குணத்தை 1859இல் லண்டனில் இயற்பியலாளர் ஜான் டிண்டால் ஆராய்ந்தறிந்தார். பூமியைச் சூடேற்றும் அதே குணம்தான் உங்கள் படுக்கையறை மீட்டரையும் இயக்குகிறது. வாங்கும்போது அகச்சிவப்பு முறையில் அளக்கிற கருவிதானா என்று கேட்டு வாங்குங்கள். வேறு வாயுக்களை மோப்பம் பிடித்து அதிலிருந்து உத்தேசமாக ஓர் எண்ணைக் காட்டும் மலிவுக் கருவிகளும் சந்தையில் உண்டு.

சரி, காற்று எப்படி நகர்கிறது? எண்ணெய் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டுச் சாய்த்தால் எண்ணெய் குபுக், குபுக்கென்று தடுமாறும். எதிர்மூலையில் இன்னொரு ஓட்டை போட்டதும் சீராக ஒழுகும். அறையும் அப்படித்தான். ஒரே சுவரில் எவ்வளவு பெரிய ஜன்னல் வைத்தாலும், காற்று வெளியேற வேறொரு வழி இல்லாவிட்டால் உள்ளே வருவது கொஞ்சம்தான்.

தள்ளும் விசைகள் இரண்டு. ஒன்று காற்றின் வேகம், மற்றது வெப்பம். சூடான காற்று மேலேறும் என்பது எல்லாரும் அறிந்தது. அதனால் கூரையருகே ஒரு துவாரம் வைத்தால் போதும் என்று நினைக்கிறோம். எண்கள் வேறு சொல்கின்றன. பத்தடி உயர அறையில், உள்ளுக்கும் வெளிக்கும் 3 டிகிரி வித்தியாசம் இருந்தால் உண்டாகும் அழுத்தம் பாஸ்கலில் மூன்றில் ஒரு பங்குதான். வெளியே வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வீசும் மிதமான காற்று சுவர்மேல் மோதும்போது உண்டாக்கும் அழுத்தம் 5 பாஸ்கல். பதினைந்து மடங்கு. குளிர்நாடுகளில் உள்ளே 20, வெளியே பூஜ்யம் என்றிருக்கும்போது வெப்பமே பெரிய விசிறியாகிவிடும். நம் ஊரில் அந்த வித்தியாசம் இல்லை. தமிழ்நாட்டு வீட்டுக்கு வீசும் காற்றே பிரதானம். இரண்டு மாடி ஏறிப்போகும் படிக்கட்டின் தலைமாட்டில் வைக்கிற திறப்பு மட்டும் இதற்கு விலக்கு. உயரம் கூடுவதால் காற்றே வீசாத இரவுகளிலும் அது கொஞ்சம் இழுக்கும். அதை நான் எந்தப் பிளானிலும் விட்டுவிட மாட்டேன்.

உயரமான வழியின் அருமை வட அமெரிக்கப் புல்வெளிகளில் வாழும் பிரெய்ரி நாய்களுக்குத் தெரிந்திருக்கிறது. பெயர்தான் நாய், அணில் இனம். நீண்ட வளையைத் தோண்டி, ஒரு வாயைத் தாழ்வாகவும் மறு வாயைச் சுற்றி மண் குவித்து உயர்த்தியும் வைக்கின்றன. தரையை ஒட்டிக் காற்றின் வேகம் குறைவு, சற்று மேலே அதிகம். வேகம் கூடிய இடத்தில் அழுத்தம் குறையும். ஆகவே லேசான காற்றடித்தாலும் தாழ்ந்த வாயில் புகுந்து உயர்ந்த வாயில் வெளியேறுகிறது. விசிறி இல்லை, மின்சாரம் இல்லை. உயிரியலாளர் ஸ்டீவன் வோகலும் உடனிருந்தவர்களும் 1973இல் இதை அளந்து காட்டினார்கள்.

வீசும் காற்றுக்கு ஊர் உண்டு, மாதம் உண்டு. சென்னையில் கோடை நாட்களில் பிற்பகலில் கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் கடற்காற்று ஏறும். தென்மேற்குப் பருவத்தில் மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று அதைத் தாமதப்படுத்தும். கோயம்புத்தூரில் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் காற்று அறைந்துகொண்டு வரும். தென்காசி, ஆரல்வாய்மொழிப் பக்கம் சொல்லவே வேண்டாம். ஆகவே 'எல்லா வீட்டுக்கும் இந்தத் திசையில் ஜன்னல்' என்று ஒரு விதி கிடையாது. மனை வாங்கியதும் அங்கே நின்று பாருங்கள். பக்கத்து வீட்டு மாடியில் காயும் துணி எந்தப் பக்கம் அடிக்கிறது என்று மூன்று வேளையும் பார்த்தால் பாதிப் பாடம் புரிந்துவிடும். பக்கத்து மனையில் நாளைக்கு மூன்று மாடி எழும்பினால் அந்தத் திசை அடைபடும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜன்னலின் அளவுக்கு நம் நாட்டுக் கட்டட விதித்தொகுப்பு ஒரு நல்ல கணக்கு வைத்திருக்கிறது. வெப்பமும் ஈரமும் கூடிய பகுதியில் தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்கு, வறண்ட வெப்பப் பகுதியில் பத்தில் ஒரு பங்கு. மத்திய மின்துறை அமைச்சகம் பெரிய குடியிருப்புகளுக்காக 2018இல் கொண்டுவந்த எக்கோ நிவாஸ் சம்ஹிதாவும் அதே ஆறில் ஒரு பங்கைச் சொல்கிறது. ஆனால் அது கேட்பது திறக்கக்கூடிய பரப்பை. இந்த வேறுபாடு முக்கியம். இரண்டு கண்ணாடி உள்ள ஸ்லைடிங் ஜன்னலில் எப்படித் தள்ளினாலும் பாதிதான் திறக்கும். கீல் வைத்த பழைய பாணி ஜன்னல் பத்தில் ஒன்பது பங்கு திறக்கும். ஒரே அளவு ஜன்னலில் ஏறத்தாழ இரட்டிப்புக் காற்று என்று சொன்னால் மிகையில்லை. அதன்மேல் கொசுவலை அடித்தால் கணிசமான பங்கு குறையும். வலையை விட முடியாது, டெங்குக் கொசு உள்ள ஊர். அப்படியென்றால் ஜன்னலைச் சற்றுப் பெரிதாக வையுங்கள். வலையை மாதம் ஒருமுறை கழுவும்படி கழற்றக்கூடிய சட்டத்தில் போடுங்கள். தூசி ஏறிய வலை பாதிச் சுவர்தான்.

எதிரெதிர்ச் சுவர்களில் பத்துப் பத்துச் சதுர அடி திறப்பு இருந்து, வெளியே வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் மெல்லிய காற்று வீசினாலும் அந்தப் படுக்கையறையின் காற்று மணிக்கு முப்பது முறைக்கு மேல் மாறிவிடும். படுக்கையறையில் வைக்கும் எந்தக் காற்றோட்டக் கருவியும் இதன் பக்கத்தில்கூட வராது. மூலையில் இல்லாத அறைக்கு இரண்டு வெளிச்சுவர் கிடைக்காது என்றால், உள்கதவின் நிலைக்கு மேல் பழைய வென்டிலேட்டரைத் திரும்பக் கொண்டுவாருங்கள். கதவு சாத்தியிருந்தாலும் காற்று ஹாலுக்குப் போய் மறுபக்க ஜன்னலைத் தேடிக்கொள்ளும்.

சமையலறையையும் குளியலறையையும் இயற்கைக் காற்றை நம்பி விடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. காற்று திசை மாறினால் மிளகாய் நெடி படுக்கையறைக்குள்தான் போகும். இங்கே இயந்திரம் வேண்டும், அதுவும் உறிஞ்சி வெளியே தள்ளும் இயந்திரம். கேஸ் அடுப்பு எரியும்போது நைட்ரஜன் டை ஆக்சைடு உண்டாகிறது. எண்ணெய் காய்ந்து தாளிக்கும்போது எழும் நுண்துகள்கள் நுரையீரலின் அடிவரை போகக்கூடியவை. குழாய் இல்லாமல் கரி வடிகட்டி மட்டும் வைத்த சிம்னி எண்ணெய்ப் பிசுக்கையும் கொஞ்சம் வாடையையும் பிடிக்கும்; ஈரமும் வாயுவும் அறைக்குள்ளேயே திரும்பும். குழாய் வைத்து வெளியே விடுவதை வாங்குங்கள். ஆறு அங்குலக் குழாய்க்குச் சுவரில் ஓட்டை விடச் சொல்லுங்கள். மடிப்பு மடிப்பான அலுமினியக் குழாயை நாலு வளைவு வளைத்துக் கொண்டுபோனால் பெட்டியில் எழுதியிருக்கும் இழுப்பில் பெரும்பகுதி வழியிலேயே தீர்ந்துவிடும்.

இதில் பலர் யோசிக்காத ஒன்று உண்டு. மணிக்கு ஆயிரம் கன மீட்டர் இழுக்கும் சிம்னி, ஆயிரம் சதுர அடி வீட்டின் மொத்தக் காற்றைப் போல மூன்றரை மடங்கை ஒரு மணி நேரத்தில் வெளியே தள்ளப் பார்க்கும். அவ்வளவு காற்று உள்ளே வந்தால்தான் அவ்வளவு வெளியே போகும். எல்லா ஜன்னலையும் மூடிக்கொண்டு சிம்னியைப் போட்டால் அது எங்கிருந்தாவது இழுக்கும். குளியலறைத் தரையில் இருக்கும் ஃப்ளோர் ட்ராப்பில் தேங்கிநிற்கும் கொஞ்சம் தண்ணீர்தான் சாக்கடை வாயுவுக்குக் கதவு. புழங்காத குளியலறையில் அது வற்றியிருந்தால், சிம்னி ஓடும்போதெல்லாம் வீட்டுக்குள் சாக்கடை நாற்றம் வரும். பிளம்பரைக் கூப்பிட்டுக் குழாயெல்லாம் சோதித்தும் காரணம் புலப்படாது. ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி அந்தக் குளியலறைக் கதவடியில் பிடியுங்கள். புகை ஹாலை நோக்கிச் சாய்ந்தால் விடை கிடைத்துவிட்டது. சமையலறை ஜன்னலை ஒரு சாண் திறந்துவையுங்கள், புகை நிமிரும்.

குளியலறைக்குள் கேஸ் கீசர் வைப்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மூடிய சிறு அறையில் அது ஆக்சிஜனைத் தின்று, எரிதல் குறைபட்டு, கார்பன் மோனாக்சைடை விடும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. நம் நாட்டில் இதனால் உயிர்கள் போய்க்கொண்டிருக்கின்றன. கீசரை வெளிச்சுவரில், திறந்தவெளியில் மாட்டி வெந்நீரை மட்டும் குழாயில் உள்ளே கொண்டுவாருங்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதே என்று சமாதானம் அடைய வேண்டாம்.

இனி ஏசி போட்ட படுக்கையறை. ஆண்டில் ஏழெட்டு மாதம் இரவெல்லாம் ஏசி ஓடும் வீடுகள் இப்போது ஏராளம். இங்கே ஜன்னலைத் திறக்கச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டு பேருக்கு மணிக்கு 50 கன மீட்டர் புதுக்காற்றாவது வேண்டும். அவ்வளவு வந்தால் கார்பன் டை ஆக்சைடு பெட்டன்கோஃபர் சொன்ன ஆயிரத்துக்குள் நிற்கும். புது வீட்டில் இன்னொரு காரணமும் சேர்கிறது. பிளைவுட் அலமாரியும் பசையும் பெயின்ட்டும் மாதக்கணக்கில் ஃபார்மால்டிஹைடு போன்றவற்றை விட்டுக்கொண்டே இருக்கும். புது வீட்டு வாசனை என்று நாம் மகிழ்வதில் அதுவும் கலந்திருக்கிறது. ஜப்பானில் இதனால் குடும்பங்கள் நோயுற்ற பிறகு, 2003இல் சட்டத்தைத் திருத்தினார்கள். புதிதாகக் கட்டும் எந்த வீட்டிலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மொத்தக் காற்றும் மாறும்படி, இருபத்துநாலு மணி நேரமும் ஓடும் இயந்திரக் காற்றோட்டம் கட்டாயம்.

வீட்டை இறுக மூடிவிட்டுக் காற்றை அளந்து கொடுக்கும் இந்த யோசனை கனடாவின் கடுங்குளிரில் உருவெடுத்தது. 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, சஸ்காட்சுவான் மாகாணத்தின் ரெஜைனா நகரில் 1977இல் ஒரு சோதனை வீடு கட்டினார்கள். வெளியே மைனஸ் முப்பது டிகிரி வரை போகும் ஊர். அந்த வீட்டில் சூடேற்றும் உலையே கிடையாது. காற்று கசியாதபடி அவ்வளவு இறுக்கமாகக் கட்டியதால் உள்ளே இருப்பவர்களுக்குக் காற்று வேண்டுமே. வெளிக்காற்றை அப்படியே விட்டால் வீடு உறைந்துபோகும். ராபர்ட் பெசன்ட் முதலான பொறியாளர்கள் வெளியேறும் சூடான காற்றையும் உள்வரும் குளிர்ந்த காற்றையும் மெல்லிய தடுப்புகளுக்கு இருபுறமும் எதிரெதிர்த் திசையில் ஓடவிட்டார்கள். இரண்டும் கலப்பதில்லை. வெப்பம் மட்டும் தாவுகிறது.

எதிரெதிர்த் திசை என்பதில்தான் அதிசயம். இரண்டும் ஒரே திசையில் ஓடினால் பாதி வழியில் இரண்டும் சம வெப்பத்துக்கு வந்துவிடும். அதற்குமேல் கொடுக்கல் வாங்கல் இல்லை. எதிரெதிரே ஓடினால் வழிநெடுக ஒன்று மற்றதைவிடச் சற்றுச் சூடாகவே இருக்கும், கொடுத்துக்கொண்டே போகலாம். நல்ல கருவியில் பத்தில் எட்டுப் பங்கு, அதற்கு மேலும் வெப்பம் மீண்டுவிடுகிறது. பனிநீரில் நிற்கும் பறவையின் காலில் இறங்கும் ரத்தமும் ஏறும் ரத்தமும் இதே முறையில்தான் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட் நகரின் கிரானிக்ஸ்டைன் பகுதியில் 1991இல் முடிந்த, மிகக் குறைந்த ஆற்றலில் இயங்கும் முதல் பாசிவ் ஹவுஸுக்கும் இந்தக் கருவியே மூச்சுக்குழல்.

இந்தக் குளிர்நாட்டுக் கருவியை அப்படியே வாங்கிச் சென்னையில் மாட்டினால் பெரும்பயன் இல்லை. இங்கே சிக்கல் வெப்பத்தைவிட ஈரம். இரவில் வெளியே 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம்; உள்ளே 26 டிகிரி, 55 சதவீதம் என்று வைப்போம். மணிக்கு 50 கன மீட்டர் வெளிக்காற்று உள்ளே வந்தால் அதோடு சேர்ந்து அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடுதலாக ஆவியாக வருகிறது. எட்டு மணி நேரத்தில் நாலரை லிட்டர்! ஏசி அதையெல்லாம் பிழிந்தெடுத்து வெளியே வடிக்க வேண்டும். நாலு டிகிரியைக் குறைக்க ஆகும் உழைப்பைப் போல ஐந்து மடங்குக்கு மேல் இந்த ஈரத்தைப் பிழிவதற்கே போய்விடும். ஆகவே நமக்கு வேண்டியது வெப்பத்தை மட்டும் மீட்கும் எச்ஆர்வி அன்று. ஈரத்தையும் சேர்த்து மாற்றிக்கொள்ளும் ஈஆர்வி. அதன் தடுப்பு உலோகத் தகடாக இல்லாமல், நீராவி மட்டும் ஊடுருவக்கூடிய சவ்வாக இருக்கும். வெளிக்காற்றின் ஈரத்தில் கணிசமான பங்கு, உள்ளே வராமல், வெளியேறும் வறண்ட காற்றின் முதுகில் ஏறித் திரும்பிப் போய்விடுகிறது. இரண்டு கருவியும் பார்க்க ஒரே பெட்டிபோல இருக்கும். கடையில் கேட்க வேண்டியது, ஈரத்தில் எத்தனை சதவீதம் மீட்கிறது என்ற ஒரு கேள்வி. அதற்கு எண்ணில் பதில் வராவிட்டால் வேறு கருவியைப் பாருங்கள்.

எல்லா வீட்டுக்கும் ஈஆர்வி வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஏசியைச் சித்திரை, வைகாசியில் மட்டும் போடுபவர்களுக்கு நல்ல ஜன்னலும் நிலைக்கு மேல் வென்டிலேட்டரும் போதும். அந்தப் பணத்தை மொட்டைமாடியின் வெப்பத்தைத் தடுக்கச் செலவிடலாம். ஏசி ஒன்றிரண்டு அறையில்தான் என்றால் சுவரில் நாலு அங்குல ஓட்டை போட்டு, வடிகட்டியோடு மெல்ல ஓடும் சிறிய சப்ளை ஃபேன் ஒன்றை வைத்தாலே கார்பன் டை ஆக்சைடு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். மின்கட்டணம் சற்றுக் கூடும், அவ்வளவுதான். முக்கியச் சாலையை ஒட்டிய மனை, வீட்டில் ஆஸ்துமா உள்ள குழந்தை, வீடு முழுக்க ஏசி என்றால் ஈஆர்வி தன் விலையை நியாயப்படுத்தும். அதில் நுண்துகளைப் பிடிக்கும் மெர்வ் 13 தர வடிகட்டி போட முடிகிறதா என்று பாருங்கள். போகிப் புகையிலும் தீபாவளி இரவிலும் வெளிக்காற்று என்பது புதுக்காற்று ஆகாது. அன்றைக்கு ஜன்னலை மூடி, வடிகட்டி வழியாக மட்டும் காற்றை விடலாம்.

எதை வைத்தாலும் முடிவு சென்டரிங் அடிப்பதற்கு முன்பே எடுக்கப்பட வேண்டும். பிளாக் வேலை நடக்கும்போது கொத்தனார் ஒரு துண்டு பிவிசி குழாயைச் சுவரில் வைத்துக் கட்டிவிடுவார். பூச்சு முடிந்து பெயின்ட் அடித்த பிறகு அதே ஓட்டைக்குக் கோர் கட்டிங் ஆளை அழைக்க வேண்டும், பீமில் பட்டுவிடுமோ என்ற அச்சமும் சேரும். குழாய் வெளிப்பக்கம் சற்றுச் சரிந்திருக்கட்டும், மழைச்சாரல் உள்ளே ஓடாது. வெளிமுனையில் எலி, பல்லி, குருவி நுழையாத வலை வேண்டும். காற்றை உள்ளே எடுக்கும் வாய், குளியலறை எக்ஸாஸ்டிலிருந்தும் செப்டிக் டேங்கின் காற்றுக் குழாயிலிருந்தும் ஜெனரேட்டரிலிருந்தும் பத்தடியாவது தள்ளியிருக்கட்டும். அடுக்குமாடிகளில் நடுவே விடுகிற, ஓடிஎஸ் என்ற வானம் பார்த்த சந்துக்குள் நாலு வீட்டுக் குளியலறையும் ஏசியின் அவுட்டோர் யூனிட்டும் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும். அங்கிருந்து படுக்கையறைக்குக் காற்று எடுக்க இன்ஜினியர் வரைந்திருந்தால், பிளானில் அந்த இடத்தைச் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டு வெளிச்சுவருக்கு மாற்றச் சொல்லுங்கள்.

வடிகட்டியை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். ஃபால்ஸ் சீலிங் போடுபவர் அழகு கெடும் என்று ஈஆர்வி பெட்டியை முழுதாக மூடிவிடப் பார்ப்பார். நடைபாதைப் பக்கம், அலமாரிக்கு மேலே அல்லாமல், ஸ்டூல் போட்டால் கைக்கு எட்டும் இடத்தில் ஒன்றரைக்கு ஒன்றரை அடி திறப்பு விடச் சொல்லி, அவர் பலகையை அறுப்பதற்கு முன்பே பென்சிலால் குறித்துக் கொடுத்துவிடுங்கள்.